டிகாக்சினுக்கு ஏன் சனி, ஞாயிறு விடுமுறை?

கேள்வி: பி.எஸ்சி. நர்சிங் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ஃபார்மகோகைனடிக்ஸ், ஃபார்மகோடைனமிக்ஸ், அரை ஆயுள் என எல்லாவற்றுக்கும் வரையறை மனப்பாடமாகத் தெரியும். ஆனால், வார்டில் இதய நோயாளி ஒருவருக்கு டிகாக்சின் வாரத்தில் ஐந்து நாள் மட்டும் என்று எழுதியிருந்ததற்குக் காரணம் கேட்டபோது, ‘உடலில் சேர்ந்துவிடும்’ என்பதற்கு மேல் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. எல்லா மருந்துகளின் அரை ஆயுளையும் நினைவில் வைத்திருக்க வேண்டுமா?

பதில்: வேண்டியதில்லை. நீங்கள் சொன்ன பதிலும் தவறன்று. பாதியில் நின்றுவிட்டது, அவ்வளவுதான். மீதியை அதே டிகாக்சினை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம்.

சிறுநீரகம் நன்றாக இயங்கும் பெரியவர்களிடம் டிகாக்சினின் அரை ஆயுள், அதாவது ரத்தத்தில் அதன் அளவு பாதியாகக் குறைய ஆகும் நேரம், ஏறத்தாழ 36 மணி. வெள்ளிக்கிழமை காலையில் ரத்தத்தில் இருந்த அளவு, மறு மாத்திரை கொடுக்காவிட்டால், சனிக்கிழமை இரவு பாதியாகவும் திங்கட்கிழமை காலை கால் பங்காகவும் குறைந்திருக்கும். நாள்தோறும் கொடுத்தாலோ, முந்தைய நாள் மருந்தில் பாதிக்கு மேல் மிச்சமிருக்கும்போதே அடுத்தது வந்து சேர்வதால் அளவு ஏறிக்கொண்டே போகும். ஆனால் அந்த ஏற்றம் முடிவில்லாதது அன்று. ரத்தத்தில் மருந்து கூடக் கூட ஒரு நாளில் வெளியேறும் அளவும் கூடுவதால், ஏறத்தாழ ஐந்து அரை ஆயுள்கள், அதாவது ஒரு வாரம் கழிந்ததும், உள்ளே போவதும் வெளியே வருவதும் சமமாகி, அளவு ஒரு மட்டத்தில் நின்றுவிடும். பாடத்தில் ஸ்டெடி ஸ்டேட் என்று படித்தது இதைத்தான்.

ஆகவே, மருந்து எந்த மட்டத்தில் போய் நிற்கிறது என்பதே கேட்க வேண்டிய கேள்வி. தினமும் 0.25 மி.கி. என்றால் வாரத்துக்கு 1.75 மி.கி.; ஐந்து நாள் மட்டும் என்றால் 1.25 மி.கி. அந்த இரண்டு நாள் விடுமுறை செய்யும் வேலை இந்தக் குறைப்புதான். (இதைவிடத் தினமும் 0.125 மி.கி. கொடுப்பதே சீரானது என்பது என் கருத்து. வாரக் கடைசியில் அளவு சரியாது; எந்தெந்த நாள் மாத்திரை இல்லை என்று வீட்டில் குழப்பமும் வராது.)

டிகாக்சினின் பெரும்பகுதி மாறாமல் சிறுநீர் வழியாகவே வெளியேறுகிறது. சிறுநீரகம் கடுமையாகப் பழுதுபட்டவரிடம் அதன் அரை ஆயுள் நான்கு நாட்கள் வரைகூட நீளக்கூடும். அப்போது மருந்து தன் மட்டத்தை எட்டவே மூன்று வாரம் ஆகும். அந்த மட்டமும் மிக உயரத்தில் இருக்கும். நலமாக வீடு திரும்பிய முதியவர் மூன்றாவது வாரம் சாப்பாட்டை வெறுத்து, குமட்டலோடும், பார்ப்பதெல்லாம் மஞ்சளாகத் தெரிகிறது என்ற புகாரோடும் திரும்பி வருவது இதனால்தான். வயசாகிவிட்டது, பசியில்லை என்று எளிதாகக் கடந்துபோகக்கூடிய அறிகுறிகள் இவை. சிறுநீரகம் எப்படி இயங்குகிறது என்று காட்டும் கிரியேட்டினின் ரிப்போர்ட்டைப் பார்க்காமல் கடக்காதீர்கள்.

இதுவரை சொன்னது, உடல் மருந்தை என்ன செய்கிறது என்பது, அது ஃபார்மகோகைனடிக்ஸ். மருந்து உடலை என்ன செய்கிறது என்பது ஃபார்மகோடைனமிக்ஸ். இதயத் தசைச் செல்லின் சோடியம் பொட்டாசியம் பம்பில் டிகாக்சின் பற்றிக்கொள்ளும்போது பொட்டாசியம் அதனுடன் போட்டியிடுகிறது. அதே நோயாளிக்குச் சிறுநீரை அதிகம் பிரியச் செய்யும் ஃப்யூரோசமைடும் எழுதியிருந்தால், சிறுநீரோடு பொட்டாசியம் வெளியேறிப் போட்டி குறைந்து, ரத்தத்தில் டிகாக்சின் அளவு சரியாக இருக்கும்போதே நச்சுத்தன்மை தோன்றலாம். ரிப்போர்ட்டில் டிகாக்சின் அளவு ‘நார்மல்’ என்றிருப்பதை மட்டும் நம்பக் கூடாது. அந்த ரத்த மாதிரியும் மாத்திரை கொடுத்து ஆறு மணி நேரமாவது கழிந்த பின்னரே எடுக்கப்பட்டிருக்க வேண்டும்.

மாத்திரை கொடுக்குமுன் இதய நுனியில் ஸ்டெதாஸ்கோப் வைத்து ஒரு நிமிடம் முழுவதும் எண்ணுங்கள். 15 நொடி எண்ணி நான்கால் பெருக்கினால், தாளம் தவறும் இதயத்தில் கணக்கும் தவறும். பெரியவர்களுக்கு 60க்குக் கீழ் இருந்தால் மாத்திரையை நிறுத்தி வைத்து, மருத்துவரிடம் தெரிவித்து, எண்ணிக்கையைக் குறித்து வையுங்கள்.

பயன்தரும் அளவுக்கும் நச்சாகும் அளவுக்கும் இடைவெளி மிகக் குறைவாக உள்ள மருந்துகளுக்கு மட்டும் இப்படிக் கணக்குப் போட்டுப் பழகினால் போதும். டிகாக்சினுக்குப் பிறகு லித்தியம், தியோஃபிலின், ஜென்டாமைசின் என்று போகலாம். ஃபெனிடாயினைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். அதைச் சிதைக்கும் கல்லீரல் நொதிகள் ஒரு கட்டத்தில் நிரம்பிவிடுவதால், டோஸைச் சற்றே கூட்டினாலும் ரத்த அளவு தாறுமாறாக ஏறும். மேலே போட்ட அரை ஆயுள் கணக்கு அதனிடம் செல்லாது.