சட்டம் படித்த மகள் நூலகர் ஆகலாமா?

"ஐந்து வருஷம் சட்டம் படிக்க வைத்தது புத்தகம் அடுக்கவா?" என்று கேட்கிறீர்கள். உங்கள் ஆதங்கம் புரிகிறது. ஆனால் சட்ட நூலகரின் நாளில் அடுக்குகிற வேலை மிகக் கொஞ்சம். பெரும்பகுதி தேடுவதும் சரிபார்ப்பதும்தான்.

தீர்ப்புகளைத் தொகுத்து வெளியிடும் வரிசைகள் பல, ஒவ்வொன்றிலும் குறியீடு வேறு. ஒரு வக்கீல் ஏஐஆர் 1973 எஸ்சி 1461 என்று குறித்துக்கொண்டு வருவார். எதிர்த்தரப்பு மனுவில் (1973) 4 எஸ்சிசி 225 என்று இருக்கும். இரண்டும் கேசவானந்த பாரதி வழக்கின் ஒரே தீர்ப்பு. இது சுலபமான கேள்வி. கையில் கிடைத்த தீர்ப்பு இன்றைக்குச் செல்லுமா என்பதுதான் சிக்கலானது. அவசரநிலைக் காலத்து ஜபல்பூர் வழக்கின் 1976 தீர்ப்பு பழைய தொகுதியில் அப்படியே அச்சில் இருக்கிறது. 2017-இல் புட்டசாமி வழக்கின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு அதைத் தவறென்று தள்ளிவிட்டது. அது தெரியாமல் பழைய தொகுதியை எடுத்து நீட்டினால் வக்கீல் நீதிமன்றத்தில் தலைகுனிய வேண்டிவரும்.

சட்டமும் மாறும். திருட்டு 2024 ஜூன் 30-இல் நடந்திருந்தால் இந்திய தண்டனைச் சட்டம் 379-ஆம் பிரிவு. மறுநாள் நடந்திருந்தால், அன்று அதன் இடத்துக்கு வந்த புதிய சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா 303-ஆம் பிரிவு. சட்டப் பிரிவைத் தேடும் முன் சம்பவத் தேதியைக் கேட்க வேண்டும் என்ற புத்தி சட்டம் படித்தவருக்குத் தானாக வரும். உங்கள் மகளுக்குச் சாதகமான விஷயம் இதுதான்.

ஆனால் வேலைக்கு ஆள் எடுக்கும்போது அந்தச் சாதகம் காகிதத்தில் தெரியாது. கல்லூரி நூலகர், பல்கலைக்கழக உதவி நூலகர் பணிகளுக்கு 2018-ஆம் ஆண்டின் யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) விதி கேட்பது நூலக அறிவியலில் முதுகலை, அதில் 55 சதவீதம், கூடவே நெட் (தேசியத் தகுதித் தேர்வு) அல்லது செட் (மாநிலத் தகுதித் தேர்வு) தேர்ச்சி. சட்டப் பட்டம் அந்தப் பட்டியலிலேயே இல்லை. பலர் சறுக்குவது இங்கேதான். சட்டப் பாடத்தில் நெட் எழுதி வைத்திருப்பார்கள், அது இதற்கு உதவாது. நூலக அறிவியல் பாடத்தில் தனியாக எழுத வேண்டும். எந்தப் பட்டம் பெற்றவரும் ஒரு வருஷம் இளங்கலை நூலக அறிவியலும், அடுத்து ஒரு வருஷம் முதுகலையும் படிக்கலாம். இக்னோ என்ற இந்திரா காந்தி தேசிய திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் தொலைநிலையிலும் உண்டு. ஆக, சட்டப் படிப்புக்கு மேல் இரண்டு வருஷம், அதோடு நெட்டுக்குத் தயாராகும் காலம்.

சம்பளம்? யுஜிசி ஊதிய விகிதம் தரும் கல்லூரிகளில் நூலகரும் உதவிப் பேராசிரியரும் ஒரே நிலை. அடிப்படைச் சம்பளம் 57,700 ரூபாயில் தொடங்கும். தனியார் கல்லூரியில் ஒப்பந்த வேலை என்றால் இதை எதிர்பார்க்காதீர்கள், சம்பளம் எவ்வளவு என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பெரிய சட்ட நிறுவனங்களின் கதை வேறு. அங்கே நெட்டைவிட எஸ்சிசி ஆன்லைன், மனுபத்ரா போன்ற இணையத் தீர்ப்புத் தொகுப்புகளில் கை வேகமாக ஓடுகிறதா என்றுதான் பார்ப்பார்கள்.

இனி, யாரும் முன்கூட்டிச் சொல்லாத ஒன்று. முழுநேரச் சம்பள வேலையில் இருப்பவர் வக்கீல் தொழில் செய்யக்கூடாது என்பது வக்கீல்களைப் பதிவு செய்து நெறிப்படுத்தும் பார் கவுன்சிலின் விதி. பதிவு செய்திருந்தால், வேலையில் சேரும்போது மாநில பார் கவுன்சிலுக்குத் தெரிவித்துத் தொழிலை நிறுத்திவைக்க வேண்டும். வேலையை விட்டால் விண்ணப்பித்து மறுபடி தொடரலாம். ஆனால் நூலகத்தில் கழிந்த வருஷங்கள் வக்கீல் அனுபவத்தில் சேராது. உரிமையியல் நீதிபதித் தேர்வு எழுத மூன்று வருஷ வக்கீல் அனுபவம் வேண்டும் என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மகளின் மனதில் நீதிபதி ஆசை கொஞ்சமாவது இருந்தால், அந்த மூன்று வருஷத்தை முதலில் முடிக்கட்டும், நூலகப் படிப்பு பிறகு வரலாம். வரிசையை மாற்றினால் பின்னால் வருந்த நேரிடும்.

நீதிமன்றத்தில் எழுந்து பேசப் பயம் என்பதற்காக இந்தப் பக்கம் ஒதுங்குவதானால், வேண்டாம் என்பேன். நூலகரும் நாள் முழுக்கப் பேசியாக வேண்டும். அரைகுறையாகக் கேட்கப்படும் கேள்வியைத் திருப்பித் திருப்பிக் கேட்டு, உண்மையில் என்ன தேவை என்று கறந்தெடுப்பதே வேலையில் பாதி.

படிப்புக்குப் பணம் கட்டும் முன் ஒரு சோதனை. தெரிந்த வக்கீலிடம் நடப்பு வழக்கிலிருந்து ஒரு கேள்வியை வாங்கி மகளிடம் கொடுங்கள். இரண்டு மணி நேரத்தில் பொருந்தும் சட்டப் பிரிவு, அது நடைமுறைக்கு வந்த தேதி, சாதகமாக மூன்று தீர்ப்பு, பாதகமாக ஒன்று, ஒவ்வொன்றும் இன்றும் செல்லும் என்பதற்கு ஆதாரம் என ஒரே பக்கத்தில் மகள் எழுதித் தரட்டும். வக்கீல் அதை அப்படியே எடுத்துப் பயன்படுத்த முடிகிறதா என்று கேளுங்கள். முடியவில்லை என்றாலும் பரவாயில்லை, பழகிக்கொள்ளலாம். எழுதி முடித்ததும் அடுத்த கேள்வி இருக்கிறதா என்று மகள் கேட்டால், விண்ணப்பப் படிவத்தை வாங்கிவிடுங்கள்.