கைல் ஸ்டேஷனும் இரண்டு எஞ்சின்களும்: ஒரு கடிதம்

வணக்கம் சார்,

ஸ்காட்லாந்தின் அபர்டீனில் எண்ணெய்த் துறையில் வேலை பார்க்கிறேன். போன கோடையில் குடும்பத்தோடு இன்வெர்னஸிலிருந்து கைல் ஆஃப் லொக்கால்ஷுக்கு ரயிலில் போனோம். பாறையை வெட்டி, கடலுக்குள் நீட்டிக்கொண்டு போய் முடித்திருக்கும் அந்த ஸ்டேஷனைப் பார்த்ததிலிருந்து அதை மாடலாகச் செய்ய வேண்டும் என்று ஆசை. 12 அடி நீளம், 2 அடி அகலத்தில் பலகை போட இடம் இருக்கிறது. ஓஓ என்ற மாடல் அளவில் இரண்டு டீசல் எஞ்சின்கள் வாங்கிவிட்டேன். ஒன்று நீல நிற கிளாஸ் 26. இன்னொன்று கிளாஸ் 37/4, பக்கவாட்டில் பெரிய ரயில்வே சின்னம் போட்ட நீலம். கைகாட்டி சிக்னல்களைப் பித்தளைத் தகட்டில் செய்து முடித்துவிட்டேன்.

இங்கே ஒரு மாடல் கிளப்பில் காட்டியபோது, "அந்த 37/4 வந்தபோது கைலில் கைகாட்டியே கிடையாது" என்றார் ஒருவர். பக்கத்திலிருந்தவர், "பொம்மை ரயிலுக்கு எதற்கு இத்தனை ஆராய்ச்சி, பிடித்ததை ஓட்டுங்கள்" என்றார். இரண்டுமே நியாயமாகத்தான் படுகிறது. எவ்வளவு துல்லியம் போதும்? எங்கிருந்து தொடங்குவது?

அன்புடன்,
அபர்டீனிலிருந்து ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

முதலாமவர் சொன்னது சரி. கைல் பாதையில் 1984 கோடையில் ரேடியோ டோக்கன் முறை வந்தது. டிங்வாலில் உட்கார்ந்திருந்த சிக்னல்காரர், ஒற்றைப் பாதையில் அடுத்த பகுதிக்குள் போகும் அனுமதியை ரேடியோ வழியாக எஞ்சினுக்குள்ளேயே அனுப்பிவிடுவார். அதோடு கைலின் சிக்னல் பெட்டிக்கு வேலை போயிற்று, கைகாட்டிகளும் போயின. 37/4 பிறந்ததே 1985இல்தான். பழைய 37களில் 31ஐ எடுத்து, 1985-86இல் குரூ பணிமனையில் புதுப்பித்து, ரயில் பெட்டிகளுக்கு மின்சாரத்தால் சூடேற்றும் வசதி சேர்த்தார்கள். ஆக, உங்கள் சிக்னலும் உங்கள் 37/4உம் சுமார் ஒரு வருட இடைவெளியில் ஒன்றையொன்று தவறவிட்டவை.

இரண்டாமவர் சொன்னதை நான் ஏற்கவில்லை. பிடித்ததை ஓட்டுவதில் தப்பேயில்லை, அது அவரவர் வீடு. ஆனால் நீங்கள் ஆசைப்பட்டது ஏதோ ஒரு ரயிலின் மேல் இல்லை, கைலின் மேல். அந்த இடத்தைச் செய்யப் புறப்பட்டவருக்கு ஆராய்ச்சி ஒரு சுமையாகத் தோன்ற வேண்டியதில்லை. எஞ்சினில் இருக்கும் ஒவ்வொரு சின்னப் பொருளுக்கும் அந்தப் பாதையில் ஒரு காரணம் இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டே செய்வதில்தான் இந்தப் பொழுதுபோக்கின் முழு ருசியும் இருக்கிறது என்று நான் நம்புகிறேன்.

உங்கள் கிளாஸ் 26ஐக் கையில் எடுத்துப் பாருங்கள். பர்மிங்ஹாம் பக்கத்தில் ஸ்மெத்விக்கில் 1958-59இல் கட்டிய 47 எஞ்சின்களில் ஒன்று. உள்ளே சுல்சர் எஞ்சின், 1160 குதிரைத்திறன். இன்வெர்னஸ் ஷெட்டில் இருந்த 26களுக்கு முகத்தில் கார் ஹெட்லைட் மாதிரி விளக்கு வைத்திருப்பார்கள். நம் ஊர் எஞ்சின்களைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதில் என்ன அதிசயம் என்று தோன்றும். ஆனால் அன்றைய பிரிட்டிஷ் எஞ்சின்களுக்குப் பொதுவாக ஹெட்லைட் கிடையாது. பாதை முழுக்க வேலி போட்டிருப்பார்கள், லெவல் கிராசிங்குகளில் கேட் இருக்கும், ஓட்டுநர் சிக்னலைப் பார்த்தால் போதும் என்பது அவர்கள் கணக்கு. வட ஹைலண்ட்ஸில், அதாவது ஸ்காட்லாந்தின் வடக்கு மலைப் பகுதியில், கேட் இல்லாத கிராசிங்குகள் நிறைய. வண்டி வருவது சாலையில் வருபவருக்குத் தெரிய வேண்டும். அதற்குத்தான் அந்த விளக்கு. எடின்பரோ ஷெட்டின் 26 ஒன்றை வாங்கி, எண்ணை மட்டும் மாற்றி கைலில் ஓட்டினால் முகமே மாறிவிடும். விளக்கு எத்தனை, எந்த உயரத்தில் என்பதை நீங்கள் தேர்ந்த எண்ணுக்குரிய படத்திலேயே பார்த்து வையுங்கள்.

அப்புறம் ஓட்டுநர் அறைக்குப் பக்கத்தில், பக்கச்சுவரில் ஒரு குழிவு. ஒற்றைப் பாதையில் அனுமதிக்கு அடையாளமாக ஒரு வட்டத் தகட்டைக் கைமாற்றுவார்கள், அதற்கு டேப்லெட் என்று பெயர். வண்டி ஓடும்போதே அதைப் பிடித்துக்கொள்ளும் கருவியை கிரேட் நார்த் ஆஃப் ஸ்காட்லாந்து ரயில்வேயில் வேலை செய்த ஜேம்ஸ் மேன்சன் 1880களில் உருவாக்கினார். அந்த வகைக் கருவிக்கான இடம்தான் இன்வெர்னஸ் 26களின் பக்கச்சுவரில் இருந்த குழிவு. பின்னாளில் பலவற்றில் தகடு வைத்து மூடிவிட்டார்கள். மூடியதா திறந்ததா என்பதே உங்கள் எஞ்சினின் காலத்தைச் சொல்லிவிடும். இந்த மாதிரி விவரங்களை "ரிவெட் எண்ணுவது" என்று சிலர் ஒதுக்குகிறார்கள். என்னைப் பொறுத்தவரை அந்தக் குழிவுக்குள் ஒற்றைப் பாதை ரயில்வேயின் நூறு வருட நடைமுறை இருக்கிறது.

கூரையையும் பாருங்கள். பெட்டிகளை நீராவியால் சூடேற்றிய காலத்தில் டீசல் எஞ்சினுக்குள்ளேயே ஒரு சின்னக் கொதிகலன் இருந்தது. அதன் புகைவாய் கூரையில் தெரியும். கொதிகலனைக் கழற்றிய எஞ்சினில் அது அடைபட்டிருக்கும். அப்படிப்பட்ட எஞ்சினை ஜனவரி மாதத்துப் பயணிகள் வண்டிக்கு முன்னால் கட்டினால், உள்ளே இருப்பவர்கள் குளிரில் விறைக்க வேண்டியதுதான். 37/4இன் மின்சாரச் சூடேற்றம் இந்தத் தொல்லைக்கு முடிவு கட்டத்தான் வந்தது.

ஆகவே முதலில் ஒரு வருடத்தைத் தேர்ந்தெடுங்கள். எஞ்சினுக்கும் முன்னால், தண்டவாளத்துக்கும் முன்னால். என் யோசனை 1983 கோடை. கைகாட்டிகள் நிற்கின்றன, சிக்னல் பெட்டியில் ஆள் இருக்கிறார், கிளாஸ் 26 ஓடுகிறது, நீலமும் சாம்பலும் பூசிய மார்க் 1 வகைப் பயணிகள் பெட்டிகள் வருகின்றன. 37 வேண்டுமென்றால் புதுப்பிக்கப்படாத பழைய 37 ஒன்றைச் சாதா நீலத்தில் சேர்க்கலாம், 1980களின் தொடக்கத்திலேயே அவை ஹைலண்ட்ஸுக்கு வந்துவிட்டன. வாங்கும்போது ஒரு விஷயம்: 37களில் முதல் 119 எஞ்சின்களுக்கு முகத்தில் பக்கத்துக்கு ஒன்றாக, வண்டியின் குறியீட்டு எண்ணைக் காட்டும் இரண்டு எண்பெட்டிகள், நடுவில் கதவு. அதற்குப் பின் வந்தவற்றுக்கு நடுவில் ஒரே பெட்டி. எண்ணும் முகமும் பொருந்த வேண்டும்.

37/4ஐ விட மனமில்லை என்றால் 1986ஐ எடுங்கள். அப்போது கைகாட்டிகளைக் கழற்றிவிட்டு, ரேடியோ முறைக்குரிய நிறுத்தப் பலகைகளை வைக்க வேண்டும். பெரிய சின்னத்தோடு இன்வெர்னஸ் ஷெட்டின் கலைமான் முத்திரையும் சில எஞ்சின்களில் இருக்கும், அழகாகவே இருக்கும். சிலர் சிக்னல்களைக் கழற்றி மாட்டும்படி செய்து, இன்று 1983 நாளை 1986 என்று ஓட்டுகிறார்கள். அது நாணயமான வழி, எனக்கு மறுப்பில்லை. இருந்தாலும் கையால் செய்த சிக்னல்களை வைத்திருப்பவர் 1983இல் நிற்பதே நல்லது என்பேன். கடையில் யாரும் வாங்கிவிடக்கூடிய எஞ்சினுக்காக, நீங்களே செய்த பொருளைப் பெட்டியில் போட்டு வைக்கக் கூடாது.

வருடம் எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஓர் உதாரணம். 1989 பிப்ரவரி 7ஆம் தேதி இன்வெர்னஸில் நெஸ் ஆற்றுப் பாலம் வெள்ளத்தில் இடிந்தது. கைல் பாதையும் அதற்கு வடக்கே போகும் பாதையும் நாட்டின் மற்ற ரயில் பாதைகளிலிருந்து துண்டிக்கப்பட்டன. ஆற்றுக்கு வடக்கே மாட்டிக்கொண்ட எஞ்சின்களும், சாலை வழியாக லாரியில் கொண்டுவந்த ஸ்ப்ரின்டர் என்ற டீசல் பயணிகள் வண்டிகளும்தான் ஓடின. மியூர் ஆஃப் ஆர்டில் தற்காலிகப் பணிமனை போட்டார்கள். புதுப் பாலம் 1990இல்தான் திறந்தது. 1989 கோடையை மாடல் செய்கிறவர் எந்த எஞ்சின் ஆற்றின் எந்தக் கரையில் இருந்தது என்று தேட வேண்டியிருக்கும்!

சரி, ஸ்டேஷனுக்கு வருவோம். உண்மையான உழைப்பு இங்கேதான். நல்ல எஞ்சின் இன்று விலைக்குக் கிடைக்கிறது, கைல் கிடைக்காது. 1870இல் ஸ்ட்ரோம்ஃபெரியோடு நின்ற பாதையை ஹைலண்ட் ரயில்வே 1897 நவம்பரில் கைலுக்கு நீட்டியது. பத்தரை மைல்தான். வழியெல்லாம் பாறை, வெடி வைத்தே வந்திருக்கிறார்கள். ஸ்டேஷன் நிற்கும் இடமும் பாறையை உடைத்து உண்டாக்கியது. நடுவில் அகலமான ஒரே பிளாட்பாரம், அதன் மேல் நீளமான மரக் கட்டடம், தண்டவாளங்கள் படகுத்துறையை நோக்கிப் போய் முடியும், எதிரே ஸ்கை தீவு. உங்கள் 1983இல் ஸ்கை பாலம் கிடையாது, அது 1995இல் வந்தது. பின்னணி ஓவியத்தில் மறந்தும் வரைந்துவிடாதீர்கள்.

இடத்தின் கணக்கைப் பார்ப்போம். ஓஓ என்பது 76.2இல் ஒரு பங்கு. உங்கள் 12 அடி, நிஜத்தில் சுமார் 279 மீட்டர். ஸ்காட்லாந்து தேசிய நூலகம் பழைய நில அளவை வரைபடங்களை இணையத்தில் இலவசமாகத் தருகிறது. 25 அங்குல வரைபடம் என்று தேடுங்கள், அது 2500இல் ஒரு பங்கு. அதில் 1 செ.மீ என்றால் தரையில் 25 மீட்டர், உங்கள் பலகையில் கிட்டத்தட்ட 33 செ.மீ. முதலில் அதை அச்சிட்டு, ஸ்கேல் வைத்து அளந்து, பழுப்புத் தாளில் மாடலின் முழு அளவில் வரைந்து தரையில் விரித்துப் பாருங்கள். கட்டாயம் சுருக்க வேண்டியிருக்கும். சுருக்கும்போது பாதை பிரியும் பாயிண்டுகள் இல்லாத நேர் நீளத்தில் மட்டும் கை வையுங்கள். பிளாட்பாரத்தின் அகலத்தைத் தொடாதீர்கள். அந்த அகலம்தான் கைலை கைலாகக் காட்டுகிறது. அதைக் குறுக்கினால் எந்த ஊர்க் கிளை ஸ்டேஷனாகவும் ஆகிவிடும். பாயிண்டுகளில் கடையில் கிடைப்பதிலேயே நீளமான வகையை வாங்குங்கள்.

வண்டியின் நீளம் உங்களுக்குச் சாதகம். 26இன் மாடல் 20 செ.மீ, ஒரு மார்க் 1 பெட்டி சுமார் 26 செ.மீ. நான்கு பெட்டி கட்டினாலும் ஒன்றேகால் மீட்டரில் முடிந்துவிடும். நினைவிருக்கட்டும், கைல் முனைய ஸ்டேஷன். வந்த எஞ்சின் கழன்று, பக்கத்துப் பாதையில் சுற்றி, மறுமுனைக்கு வர வேண்டும். அதற்குரிய நீளத்தைக் கடைசியில் மிச்சமானதில் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள்.

தண்டவாள அகலத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, கிளப்பில் யாராவது சொல்லுவார்கள். ஓஓ பாதை 16.5 மி.மீ. 76.2ஆல் பெருக்கினால் 1257 மி.மீ. உண்மையான பாதை 1435. ஆக, உங்கள் கிளாஸ் 26 ஏழு அங்குலம் குறுகலான பாதையில் ஓடுகிறது. பிரிட்டிஷ் எஞ்சின்கள் உடல் சிறியவை, அந்தக் கால மோட்டார் அதற்குள் அடங்காததால் உடலை மட்டும் பெரிதாக்கி, பாதையை எச்ஓ என்ற சற்றுச் சிறிய மாடல் அளவிலேயே விட்டுவிட்டார்கள். சரியான அகலம் 18.83 மி.மீ. அதற்கு மாறினால் எல்லாச் சக்கரத்தையும் மாற்ற வேண்டும், பாயிண்டுகளைக் கையால் கட்ட வேண்டும். முதல் லேஅவுட்டுக்கு அது வேண்டாம். ஸ்லீப்பர் கட்டைகளின் இடைவெளி பிரிட்டிஷ் முறைப்படி உள்ள பாதையை வாங்கி, தண்டவாளத்தின் பக்கங்களுக்குத் துருநிறம் அடித்து, மெல்லிய ஜல்லி போட்டால் போதும். பக்கவாட்டில் கண் மட்டத்திலிருந்து பார்க்கும்போது குறுகல் தெரியாது. பலகையை மேசை உயரத்தில் போடாமல் நெஞ்சு உயரத்தில் போடச் சொல்வதும் அதனால்தான்.

உங்கள் வேலையோடு தொடர்புள்ள ஒன்று. 1970களின் தொடக்கத்தில் இந்தப் பாதையை மூட முடிவாகியிருந்தது. 1973இல், கைலிலிருந்து ஸ்டோர்னவே என்ற தீவு ஊருக்குப் போய்வந்த கப்பலும் உல்லாபூல் துறைமுகத்துக்கு மாறிவிட்டது. காப்பாற்றியது வடகடல் எண்ணெய். பக்கத்து லாக் கிஷோர்னில் எண்ணெய் மேடை கட்டும் தளம் வந்தது. நினியன் சென்ட்ரல் மேடை அங்கே உருவாகி 1978இல் கடலுக்குப் போனது. அதற்கான சரக்குகள் ரயிலில் ஸ்ட்ரோம்ஃபெரிக்கு வந்து இறங்கின. கிஷோர்ன் தளம் 1983இலும் இயங்கிக்கொண்டிருந்தது. ஆனால் அந்தச் சரக்கு ஸ்ட்ரோம்ஃபெரியில் இறங்கியது, கைலில் இல்லை. குழாய் ஏற்றிய சரக்கு வேகன்களைக் கைல் யார்டில் நிறுத்த ஆசை வந்தால் முதலில் படச் சான்று தேடுங்கள்.

பனித்தள்ளி விஷயத்தையும் இப்போதே முடிவு செய்துவிடுங்கள். ஹைலண்ட் எஞ்சின்களுக்கு பஃபருக்குக் கீழே மூன்று துண்டாகப் பனித்தள்ளி இருக்கும், பல எஞ்சின்களில் கோடையிலும் கழற்ற மாட்டார்கள். மாடலில் அதை மாட்டினால் கடையில் வரும் பெரிய கொக்கிக்கு இடமிருக்காது. இரண்டு முனையிலும் பெட்டியைக் கட்ட வேண்டிய ஸ்டேஷன் இது. ஆகவே எல்லா வண்டிக்கும் சங்கிலிக் கொக்கிக்கு மாறிவிடுங்கள். கையால் மாட்டிக் கழற்றப் பொறுமை வேண்டும்தான். கைலில் ஒரு நாளைக்கு வரும் சில வண்டிகளுக்கு அந்தப் பொறுமை தாங்கும்.

அபர்டீனிலிருந்து திரும்பவும் ஒருமுறை போய்வாருங்கள். ஸ்டேஷன் கட்டடத்திலேயே கைல் பாதையின் நண்பர்கள் நடத்தும் சின்ன அருங்காட்சியகம் இருக்கிறது. ஒரு மீட்டர் குச்சியில் பத்து செ.மீ.க்கு ஒரு கோடாக வண்ணம் அடித்து எடுத்துப் போங்கள். சுவரில் சாய்த்து வைத்து, நேர் எதிரே நின்று படம் எடுங்கள். கதவு, ஜன்னல், தூண், சுவர்ப் பலகையின் அகலம் எல்லாவற்றையும் பிறகு அந்தப் படத்திலிருந்தே கணக்கிட்டுவிடலாம். பாறையை வெயிலில் ஒரு தடவை, மழையில் ஒரு தடவை எடுங்கள். அங்கே இரண்டும் ஒரே நாளில் கிடைக்கும்.

அன்புடன்.