மீன்தொட்டி நீரில் அம்மோனியா, நைட்ரைட்: குறைந்த செலவில் அளப்பது எப்படி?

கேள்வி: மொட்டை மாடியில் 500 லிட்டர் தொட்டியில் ஜிலேபி மீனும், அதே தண்ணீரில் கீரையும் வளர்க்கிறேன். டிஜிட்டல் நைட்ரேட் மீட்டரின் விலை கட்டுப்படியாகவில்லை. மலிவான வழி உண்டா?

பதில்: மீட்டர் வேண்டவே வேண்டாம். வண்ண மீன் கடையில் கிடைக்கும் சொட்டு மருந்து டெஸ்ட் கிட் போதும். அம்மோனியா (மீன் கழிவிலிருந்து வரும் நஞ்சு), நைட்ரைட் (அந்த அம்மோனியா மாறி உண்டாகும் அடுத்த நஞ்சு), பி.எச் (தண்ணீரின் அமில-காரத் தன்மை) மூன்றுக்கும் சொட்டு கிட்டே வாங்குங்கள். நைட்ரைட் மாறி உண்டாகும் நைட்ரேட் கீரைக்கு உரம், அதற்கு ஸ்ட்ரிப் (தண்ணீரில் நனைத்து நிறம் பார்க்கும் பட்டை) போதும். அது லிட்டருக்கு 40 மில்லிகிராமா 60ஆ என்று தெரிந்து கீரைக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை. ஸ்ட்ரிப் டப்பாவை மட்டும் ஈரக் கையால் தொடாதீர்கள், ஈரம் பட்டால் அத்தனையும் வீண்.

அம்மோனியாவை அளக்கும்போதெல்லாம் பி.எச்சையும் சேர்த்தே பாருங்கள். கிட் காட்டுவது மொத்த அம்மோனியா. மீனைக் கொல்வது அதில் அயனியாகாத (மின்னூட்டம் பெறாத, NH3 வடிவில் உள்ள) பகுதி. தண்ணீர் 30 டிகிரியில் இருக்கும்போது, பி.எச் 7 என்றால் அந்தப் பகுதி 1 சதவீதம்கூட இல்லை. பி.எச் 8 ஆனால் ஏழு சதவீதத்தைத் தாண்டிவிடும். அதாவது கிட்டில் அதே நிறம், மீனுக்கு ஒன்பது மடங்கு ஆபத்து. பாசி பிடித்த தொட்டியில் பிற்பகலில் பி.எச் ஏறும். அதனால் சாயங்காலம் நாலு மணிக்கு அளப்பதுதான் நல்லது.

நைட்ரேட்டுக்கும் சொட்டு கிட்தான் கிடைத்ததா? சரி, இரண்டாவது பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். பல கிட்களில் அடியில் சாம்பல் நிறத் தூள் படிந்திருக்கும். நைட்ரேட்டை நைட்ரைட்டாக மாற்றி நிறம் கொடுக்க வைப்பது அந்தத் தூள்தான். பாட்டிலைத் தரையில் தட்டி, அரை நிமிடம் நன்றாகக் குலுக்காவிட்டால் பூஜ்யம்தான் காட்டும். அதை நம்பித் தீவனத்தைக் கூட்டி, மீனைப் பறிகொடுத்தவர்களைப் பார்த்திருக்கிறேன், மனது கேட்காது.

நிறம், கிட்டோடு வரும் வண்ண அட்டையின் கடைசிக் கட்டத்தையும் தாண்டினால், ஊசியில்லாத சிரிஞ்சில் 1 மில்லி தொட்டித் தண்ணீர், 9 மில்லி டிஸ்டில்டு வாட்டர் கலந்து அளந்து, பத்தால் பெருக்குங்கள். அட்டையில் ‘நைட்ரேட்-நைட்ரஜன்’ என்று இருந்தால், நைட்ரேட் அளவுக்கு 4.4 ஆல் பெருக்க வேண்டும்.

நைட்ரைட் 1 பிபிஎம் (லிட்டருக்கு 1 மில்லிகிராம்) தாண்டினால் தீவனத்தை நிறுத்தி, கால்வாசித் தண்ணீரை மாற்றுங்கள். அப்புறம் 100 கிராம் கல்லுப்பைக் கரைத்து ஊற்றுங்கள். உப்பிலுள்ள குளோரைடு, நைட்ரைட் செவுள் வழியாக உள்ளே போகாமல் தடுக்கும். கீரைக்கு இந்த அளவு தாங்கும்.

புதுத் தொட்டி என்றால் முதல் ஆறு வாரம் ஒன்றுவிட்டு ஒருநாள், பிறகு வாரம் ஒருமுறை அளந்தால் போதும். போர் தண்ணீரையும் ஒருமுறை சோதியுங்கள், அதிலேயே நைட்ரேட் இருக்கலாம். சோதித்த தண்ணீரைத் தொட்டியிலோ கீரைப் பாத்தியிலோ ஊற்றாதீர்கள்.