டர்பனில் நிற்கும் பாய்மரப் படகில் ஸ்டீரியோ பொருத்த வேண்டும். ஸ்பீக்கர்களுக்கு எந்த இடத்தில் துளையிடலாம்?

34 அடி கண்ணாடியிழைப் படகில் கேபினுக்குள் இரண்டு, சுக்கான் பிடிப்பவர் உட்காரும் திறந்த பகுதியான காக்பிட்டில் இரண்டு என நான்கு ஸ்பீக்கர்கள் வைக்க விரும்புவதாக எழுதியிருக்கிறீர்கள். டர்பன் துறைமுகத்தில் படகுகளின் மின்சார வேலைகளைச் செய்து வருபவன் என்ற முறையில், ஒலி எங்கே நன்றாகக் கேட்கும் என்பதற்கு முன்பாகத் திசைகாட்டி எங்கே இருக்கிறது என்பதைப் பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

ஒவ்வொரு ஸ்பீக்கருக்குள்ளும் வலுவான நிலைக்காந்தம் இருப்பதால், பாட்டு ஓடாத நேரத்திலும் அது அருகிலுள்ள திசைகாட்டியை இழுத்துக்கொண்டே இருக்கும். சுக்கானுக்கு முன்னால் கண்ணுக்குத் தெரியும் திசைகாட்டியை எல்லோரும் நினைவில் கொள்வார்கள். படகைத் தானாகச் செலுத்தும் ஆட்டோபைலட்டுக்கு வழிகாட்டும் மின்னணுத் திசைகாட்டியைத்தான் மறந்துவிடுகிறார்கள். அது பெரும்பாலும் படுக்கைக்கு அடியிலோ அலமாரிக்குள்ளோ பொருத்தப்பட்டிருக்கும் என்பதால், நீங்கள் தேர்ந்தெடுக்கும் மரத்தடுப்பின் மறுபக்கத்திலேயே அது இருக்கக்கூடும். இரண்டிலிருந்தும் குறைந்தது ஒரு மீட்டர் தள்ளி இடம் குறித்துக்கொள்ளுங்கள். துளையிடுவதற்கு முன், ஸ்பீக்கரை அந்த இடத்தில் கையால் பிடித்தபடி, இன்னொருவரைத் திசைகாட்டியையும் ஆட்டோபைலட் காட்டும் திசையையும் கவனிக்கச் சொல்லுங்கள். ஒரு பாகை அசைந்தாலும் அந்த இடம் வேண்டாம். வடகிழக்கே உள்ள ரிச்சர்ட்ஸ் பே துறைமுகம் நோக்கி இரவில் செல்பவருக்கு, அகுல்ஹாஸ் நீரோட்டம் எதிர்த்துத் தள்ளும் கடலில், தவறான திசையைக் காட்டும் கருவி பேராபத்து.

காக்பிட் சுவரின் நடுவே பால்சா மரம் இருந்தால், துளையின் விளிம்பில் அந்த மரத்தை ஒரு சென்டிமீட்டர் ஆழத்துக்குச் சுரண்டி எடுத்து, எபாக்ஸி பிசின் நிரப்பி, அது இறுகிய பிறகே ஸ்பீக்கரைப் பொருத்த வேண்டும். இல்லையெனில் கசியும் நீரில் மரம் உளுத்துப்போகும். வெயிலையும் உப்பையும் தாங்கும் கடல்வகை ஸ்பீக்கர்களையே அங்கே பயன்படுத்துங்கள்.

வயர் வெள்ளீயம் பூசிய செம்பாக இருக்கட்டும். பேட்டரியிலிருந்து ஸ்டீரியோ ஆறு மீட்டர் தொலைவில் இருந்தால் மின்சாரம் போய்த் திரும்பும் தூரம் பன்னிரண்டு மீட்டர், 2.5 சதுர மில்லிமீட்டர் வயரில் 10 ஆம்பியர் ஓடினால் ஏறத்தாழ 0.9 வோல்ட் வழியிலேயே போய்விடும். 12 வோல்ட் அமைப்பில் இது பெரிய இழப்பு. தனி ஆம்ப்ளிஃபையர் வைப்பதானால் தடித்த வயர் போடுங்கள். ஃபியூஸ் பேட்டரிக்கு மிக அருகில் இருக்க வேண்டும். ஸ்டீரியோ அணைந்திருக்கும்போதும் அதன் அமைப்புகளைக் காக்கும் நினைவகத்துக்கான வயர் 10 மில்லி ஆம்பியர் இழுத்தாலும் மாதத்துக்கு 7 ஆம்பியர் மணி செலவாகும். ஆகவே படகை வாரக்கணக்கில் விட்டுச்செல்பவர்கள் அதையும் ஒரு சுவிட்சின் வழியே கொண்டுவருவது நல்லது.

காக்பிட் ஸ்பீக்கர்களைச் சுக்கான் பிடிப்பவரின் கையெட்டும் தூரத்திலிருந்து உடனே நிறுத்த முடிய வேண்டும். படகுகள் பேசிக்கொள்ளும் வி.எச்.எஃப். வானொலியில், ஆபத்து அழைப்புகளுக்கான 16ஆம் சேனலில் வரும் அழைப்பைப் பாட்டு மறைத்துவிடக் கூடாது என்பதில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை. அதே காரணத்தால், பாய்மரத்தின் உச்சியிலுள்ள வி.எச்.எஃப். ஆன்டெனாவைப் பிரித்து ஸ்டீரியோவுக்கும் கொடுக்கும் முறையை நான் பரிந்துரைப்பதில்லை. கண்ணாடியிழை வானொலி அலைகளைத் தடுக்காது. டர்பன் கரையோரத்தில் லோட்டஸ் எஃப்.எம். கேட்பதற்கு, கேபினுக்குள் உயரமாக ஒட்டிய தனி எஃப்.எம். ஆன்டெனாவே போதும்.