பிடரிக்கு அடியில் ஒரு முக்கோணம்: உடற்கூறியல் ஆசிரியையின் பதில்கள்

கேள்வி: பிடரியடி முக்கோணத்தின் எல்லைகளை எத்தனை முறை படித்தாலும் மறந்துவிடுகிறேன், அம்மா. (முதலாண்டு மருத்துவ மாணவர்)

பதில்: புத்தகத்தை மூடிவிட்டுப் பிடரியில் விரலை வையுங்கள், தம்பி. மண்டையோட்டுக்குக் கீழே ஒரு பள்ளம் தட்டுப்படும். அங்கே டிரப்பீசியஸ், ஸ்ப்ளீனியஸ், செமிஸ்பைனாலிஸ் என்ற மூன்று தசை அடுக்குகளை விலக்கினால்தான், வேறு மூன்று தசைகள் சூழ்ந்த அந்த முக்கோணம் தெரியும். மேலே உட்பக்கம் ரெக்டஸ் மேஜர், மேலே வெளிப்பக்கம் ஆப்ளிகஸ் சுபீரியர், கீழே ஆப்ளிகஸ் இன்ஃபீரியர். இந்தக் கடைசித் தசையை விட்டுவிடாதீர்கள். இதன் முழுப்பெயரில் தலையைக் குறிக்கும் ‘கேபிடிஸ்’ உண்டு. ஆனால் இது தலையைத் தொடுவதே இல்லை. இரண்டாம் கழுத்தெலும்பின் முள்ளில் தொடங்கி, முதல் எலும்பின் பக்க நீட்சியில் முடிகிறது. முகத்தைப் பக்கவாட்டில் திருப்பும்போது உழைப்பது இதுதான்.

கேள்வி: அங்கே வரும் இரண்டு நரம்புகளும் குழப்புகின்றன.

பதில்: முக்கோணத்துக்குள் இருப்பது முதல் கழுத்து நரம்பின் பின்கிளை. தசைகளை இயக்குவதே அதன் வேலை. ஆப்ளிகஸ் இன்ஃபீரியரின் கீழ்விளிம்பைச் சுற்றி மேலேறுவது இரண்டாம் நரம்பின் பின்கிளை. பின்தலைத் தோலின் உணர்ச்சி அதன் பொறுப்பு.

கேள்வி: பிடரியிலிருந்து உச்சந்தலைவரை மின்சாரம் பாய்வதுபோல் வலிக்கிறது. இதுவும் அந்த நரம்பா?

பதில்: இருக்கலாம். இரண்டாம் நரம்பின் பின்கிளை செமிஸ்பைனாலிஸைத் துளைத்துக்கொண்டு வருகிறது. அழுத்தப்பட்டால் இப்படிச் சுண்டியிழுக்கும். நேரில் பரிசோதிக்காமல் உறுதியாகச் சொல்லக் கூடாது, மருத்துவரிடம் காட்டுங்கள்.

கேள்வி: முடி வெட்டியதும் கழுத்தைத் திருப்பிச் சொடக்கு எடுக்கிறார்கள். சுகமாகத்தான் இருக்கிறது. தவறா?

பதில்: தயவுசெய்து வேண்டாம். மூளைக்குப் போகும் நான்கு பெரிய தமனிகளில் இரண்டு முள்ளெலும்புத் தமனிகள். ஆறாம் கழுத்தெலும்பிலிருந்து துளை துளையாக ஏறி, முதல் எலும்பைத் தாண்டியதும் பின்பக்கம் திரும்பி, அதன் வளைவின் மேலுள்ள பள்ளத்தில் படுத்து, பிறகு மண்டைக்குள் நுழைகின்றன. கூறாய்வு மேசையில் கொழுப்பையும் சிரை வலையையும் இடுக்கியால் மெல்ல நீக்கினால், எலும்பை ஒட்டிய அந்த வளைவு வெளிப்படும். அதைப் பார்த்த மாணவர்களின் கை தானாகத் தங்கள் பிடரிக்குப் போகும்.

கழுத்துத் திரும்பலில் ஏறத்தாழ பாதி, முதலிரண்டு எலும்புகளுக்கு நடுவே நடக்கிறது. வெடுக்கென்று திருப்பினால் தமனி இழுபட்டு அதன் உட்சுவர் கிழியலாம். அங்கே உறையும் இரத்தம் பக்கவாதத்தில் முடியலாம். அரிதுதான், ஆனால் இளைஞர்களுக்கும் நேர்கிறது. புதிதாகக் கடும் கழுத்துவலி, தள்ளாட்டம், இரட்டைப் பார்வை, பேச்சுக் குழறல் இருந்தால் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். அடுத்த முறை நாற்காலியில் உட்காரும்போதே, “கழுத்தைத் தொட வேண்டாம், அண்ணே” என்று சொல்லிவிடுங்கள்.