பழைய ஹார்ட் டிஸ்கைக் கழற்றினால் விண்டோஸ் வருவதில்லை: மதர்போர்டை மாற்றத்தான் வேண்டுமா?

கேள்வி: திண்டிவனம் அருகே தட்டச்சு, நகல், இணையவழி விண்ணப்பம் ஆகியவற்றைச் செய்து தரும் சிறிய கடை நடத்துகிறேன். 2017-இல் அசெம்பிள் செய்து வாங்கிய கணினி. ஏழாம் தலைமுறை ஐ3 ப்ராசசர், 1 டிபி ஹார்ட் டிஸ்க். மிகவும் மெதுவாகிவிட்டதால் சென்ற மாதம் 500 ஜிபி எஸ்எஸ்டி (சுழலும் தட்டுகள் இல்லாத வேகமான டிஸ்க்) வாங்கி, அதில் புதிதாக விண்டோஸ் 10 போட்டுத் தரச் சொன்னேன். பழைய டிஸ்கையும் உள்ளேயே விட்டிருந்தார்கள். வேகம் நன்றாக இருந்தது. இப்போது பழைய டிஸ்கிலிருந்து 'டிக், டிக்' என்று சத்தம் வருவதால் அதைக் கழற்றினேன். உடனே கறுப்புத் திரையில் 'ரீபூட் அண்ட் செலக்ட் ப்ராப்பர் பூட் டிவைஸ்' என்று வந்தது. மீண்டும் மாட்டினால் சரியாகிவிடுகிறது. போர்டு எஸ்எஸ்டியைத் தனியாக ஏற்காது, போர்டும் ப்ராசசரும் மாற்ற 14,000 ரூபாய் ஆகும், பழைய டிஸ்கை எக்ஸ்சேஞ்சில் எடுத்துக்கொள்கிறேன் என்கிறார் கடைக்காரர். மாற்றத்தான் வேண்டுமா?

பதில்: வேண்டாம். நீங்கள் எழுதியிருப்பதிலேயே விடை இருக்கிறது. பழைய டிஸ்க் உள்ளே இருக்கும்போது கணினி வேகமாகத் தொடங்குகிறது என்றால், அந்த வேகம் எஸ்எஸ்டி தருவது. அதாவது உங்கள் போர்டு எஸ்எஸ்டியை அடையாளம் காண்கிறது, அதிலுள்ள விண்டோஸைப் படிக்கிறது, நாள் முழுவதும் அதை வைத்து வேலையும் செய்கிறது. எஸ்எஸ்டியை ஏற்காத போர்டு இத்தனையும் செய்யாது.

ஆனால் மேற்கொண்டு எதையும் செய்வதற்கு முன், பழைய டிஸ்கை மாட்டிக் கணினியைத் தொடங்கி, அதிலுள்ள தேவையான கோப்புகள் அனைத்தையும் வெளியே வேறொரு டிஸ்கிலோ பென்டிரைவிலோ இன்றைக்கே நகலெடுத்துவிடுங்கள். 'டிக், டிக்' என்று சத்தம் போடத் தொடங்கிய ஹார்ட் டிஸ்க் ஆறு மாதமும் ஓடலாம், இன்று மாலையே நின்றும் போகலாம். மெக்கானிக் வரட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்காதீர்கள்.

நடந்தது இதுதான். கணினியின் பொத்தானை அழுத்தியதும் போர்டிலுள்ள பயாஸ் (கணினியைத் தொடக்கிவைக்கும் நிரல்) நேராக விண்டோஸைத் தேடிப் போவதில்லை. டிஸ்கில் தனியாக ஒதுக்கப்பட்டிருக்கும் மிகச் சிறிய தொடக்கப் பகுதியைத்தான் அது முதலில் தேடுகிறது. விண்டோஸ் எங்கே இருக்கிறது என்பது அந்தப் பகுதிக்குத்தான் தெரியும். உங்கள் விண்டோஸ் எஸ்எஸ்டியில் இருக்கிறது, அதன் தொடக்கப் பகுதியோ பழைய ஹார்ட் டிஸ்கில் இருக்கிறது. புது வீட்டுக்குக் குடிபோய்விட்டு அதன் சாவியைப் பழைய வீட்டு ஆணியிலேயே மாட்டிவைத்த கதை. பழைய டிஸ்கைக் கழற்றியதும் சாவியும் போய்விட்டது.

இதில் உங்கள் தவறு எதுவும் இல்லை; மெக்கானிக்கின் தவறுகூடப் பாதிதான். இரண்டு டிஸ்குகள் மாட்டியிருக்கும்போது விண்டோஸை நிறுவினால், ஏற்கெனவே ஒரு டிஸ்கில் தொடக்கப் பகுதி இருப்பதைப் பார்த்துவிட்டு, நிறுவும் நிரல் தன் கோப்புகளையும் அதிலேயே போட்டுவிடுகிறது. எந்த டிஸ்கில் விண்டோஸ் வேண்டும் என்று கேட்கிறது. தொடக்கப் பகுதி எங்கே போகட்டும் என்று கேட்பதில்லை, அங்கேதான் போட்டேன் என்று முடிவில் சொல்வதும் இல்லை. பல ஆண்டுகளாக இப்படியே நடக்கிறது. ஒரு வரி எச்சரிக்கை சேர்க்க இத்தனை பெரிய நிறுவனத்துக்கு மனம் வரவில்லை. நிறுவுவதற்கு முன் பழைய டிஸ்கின் கேபிளைக் கழற்றியிருந்தால் இந்தச் சிக்கலே வந்திராது. பழைய டிஸ்கிலிருந்து சி டிரைவை மட்டும் க்ளோன் செய்து (அச்சு அசலாக நகலெடுத்து) தருகிறவர்களிடமும் இதே கோளாறுதான் வரும்.

நான் சொல்வதை நீங்களே சரிபார்க்கலாம். இரண்டு டிஸ்குகளும் மாட்டியிருக்கும்போது ஸ்டார்ட் பொத்தானின் மீது வலது க்ளிக் செய்து 'டிஸ்க் மேனேஜ்மென்ட்' என்பதைத் திறங்கள். திரையின் கீழ்ப்பாதியில் டிஸ்க் 0, டிஸ்க் 1 என்று இரண்டு வரிசைகள் தெரியும். 931 ஜிபி என்று இருப்பது உங்கள் பழைய 1 டிபி டிஸ்க். 465 ஜிபி என்று இருப்பது 500 ஜிபி எஸ்எஸ்டி. (பெட்டியில் அச்சிட்ட அளவுக்கும் விண்டோஸ் காட்டும் அளவுக்கும் உள்ள இந்த வேறுபாடு கணக்கிடும் முறையால் வருவது; யாரும் உங்களை ஏமாற்றவில்லை.) 465 வரிசையில் சி டிரைவும், அதன் கீழே 'பூட்' என்ற சொல்லும் இருக்க வேண்டும். 931 வரிசையில் உள்ள சிறிய கட்டத்தில் 'சிஸ்டம்' என்றோ 'இஎஃப்ஐ சிஸ்டம் பார்ட்டிஷன்' என்றோ எழுதியிருந்தால் சந்தேகமே வேண்டாம், தொடக்கப் பகுதி அங்கேதான் இருக்கிறது. அந்தத் திரையைக் கைப்பேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, மின் இணைப்பை நிறுத்திவிட்டுப் பழைய டிஸ்கைக் கழற்றி, கணினியைத் தொடங்கும்போது டெலீட் பொத்தானைத் தொடர்ந்து அழுத்தி (சில போர்டுகளில் எஃப்2) பயாஸ் திரைக்குச் செல்லுங்கள். எஸ்எஸ்டியின் பெயர் அங்கே தெரிந்தால், போர்டு அதைத் தனியாகவும் ஏற்கிறது என்பதற்கு அதற்கு மேல் சான்று தேவையில்லை. பெயர் தெரியவில்லை என்றால், பழைய டிஸ்கைக் கழற்றும்போது எஸ்எஸ்டியின் கேபிளும் தளர்ந்திருக்கும். இரு முனைகளையும் அழுத்திவிட்டு மீண்டும் பாருங்கள்.

கடைக்காரர் சொன்ன காரணத்துக்கு வருகிறேன். உங்கள் எஸ்எஸ்டி பழைய டிஸ்க் இருந்ததைப் போன்ற அதே வகைக் கேபிளில், தட்டையான பெட்டி வடிவில் இருக்கிறது என்றால் அது சாட்டா வகை. ஹார்ட் டிஸ்க் பேசும் அதே மொழியில்தான் அதுவும் பேசுகிறது. பதினைந்து ஆண்டுப் பழைய போர்டில்கூட சாட்டா எஸ்எஸ்டி வேலை செய்யும்; வேகம் பாதியாகக் குறையுமே தவிர விண்டோஸ் வரும். உங்கள் 2017 போர்டில் அந்தக் குறையும் இருக்காது.

'போர்டு ஏற்காது' என்ற இந்த வாக்கியத்தைப் பற்றி எனக்கு எரிச்சல் வருவதற்குக் காரணம், அந்த வைத்தியம் பலிப்பதுபோலத் தோன்றும் என்பதுதான். 14,000 ரூபாய் கொடுத்துப் புதிய போர்டு வாங்கினால், புதிய போர்டு என்பதால் எஸ்எஸ்டியை மட்டும் மாட்டி விண்டோஸை மறுபடி நிறுவுவார்கள், இம்முறை தொடக்கப் பகுதி எஸ்எஸ்டியிலேயே அமைந்துவிடும், கணினி ஓடும், போர்டுதான் கோளாறு என்று நீங்களும் நம்பி நன்றி சொல்லிவிட்டு வருவீர்கள். உங்கள் பழைய போர்டும் ப்ராசசரும் வேறொருவருடைய கணினியில் போய் உட்காரும். போர்டை மாற்றினால் விண்டோஸின் உரிமமும் பெரும்பாலும் செல்லாமல் போய்விடும். அப்போது ஆன்டிவைரஸை அணைத்துவிட்டு உரிமம் இருப்பதுபோலக் காட்டும் ஒரு திருட்டு நிரலை (ஆக்டிவேட்டர்) ஓட்டித் தருவார்கள். பிறருடைய ஆதார் எண்ணையும் வங்கிக் கணக்கையும் தட்டச்சு செய்கிற கணினியில் அதை அனுமதிக்கவே கூடாது.

கடைக்காரர் சொல்வது உண்மையாக இருக்கக்கூடிய ஒரு நிலை உண்டு. அதை விரிவாகவே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் வாங்கும்போது பலரும் இடறுவது இங்கேதான். எஸ்எஸ்டியில் சூயிங்கம் பட்டை போல நீளமாக, கேபிள் இல்லாமல் போர்டிலேயே செருகும் எம்.2 வடிவம் ஒன்று உண்டு. அந்த வடிவத்துக்குள்ளேயே இரண்டு இனங்கள் இருக்கின்றன: ஒன்று சாட்டா, மற்றொன்று அதைவிட வேகமான என்விஎம்இ. பார்ப்பதற்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். செருகும் முனையில் இரண்டு வெட்டுகள் இருந்தால் பெரும்பாலும் சாட்டா, ஒரே வெட்டு இருந்தால் பெரும்பாலும் என்விஎம்இ. பெரும்பாலும் என்றுதான் சொல்ல முடியும். ஒட்டியிருக்கும் லேபிளைப் படித்து உறுதி செய்துகொள்ள வேண்டும்.

இதில் என்விஎம்இ இனத்திலிருந்து கணினி தொடங்க வேண்டுமானால், பயாஸுக்கே அதைப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். 2014-க்கு முந்தைய போர்டுகளில் பெரும்பாலானவற்றுக்கு அது தெரியாது; அதற்கு அடுத்த ஓரிரு ஆண்டுகளில் வந்தவற்றில் சிலவற்றுக்குப் பயாஸைப் புதுப்பித்தால் தெரியும். அப்படிப்பட்ட பழைய போர்டில் ஓர் அடாப்டர் கார்டு வைத்து என்விஎம்இயைச் செருகினால், விண்டோஸ் திறந்த பிறகு அது டிரைவாகத் தெரியும், கோப்புகளை வைத்துக்கொள்ளலாம். ஆனால் அதிலிருந்து கணினி தொடங்காது. வெளியிலிருந்து பார்த்தால் உங்கள் சிக்கலைப் போலவே இருக்கும்: பழைய டிஸ்க் இருந்தால் ஓடும், எடுத்தால் ஓடாது. இன்னொரு வகையும் உண்டு. சில மடிக்கணினிகளிலும் போர்டுகளிலும் எம்.2 துளை சாட்டா இனத்தை மட்டுமே ஏற்கும். சிலவற்றில் என்விஎம்இயை மட்டுமே ஏற்கும். மாற்றிச் செருகினாலும் பல நேரம் உள்ளே சென்று அமர்ந்துவிடும், ஆனால் பயாஸில் பெயரே வராது. போதாக்குறைக்குச் சில போர்டுகளில் எம்.2 துளையில் எஸ்எஸ்டியைச் செருகியதும் கேபிள் மாட்டும் சாட்டா இணைப்புகளில் ஒன்று செயலிழந்துவிடும். அதில் மாட்டியிருந்த டிஸ்க் காணாமல் போகும். இவையெல்லாம் போர்டின் கையேட்டில் எழுதியிருக்கும். ஆனால் அசெம்பிள் செய்து தருகிறவர்கள் கையேட்டைப் பெட்டியோடு தாங்களே வைத்துக்கொள்கிறார்கள்.

இந்த நிலையிலும் போர்டை மாற்றுவதற்கு முன், அந்த எஸ்எஸ்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி வாங்குவதுதான் செலவு குறைந்த வழி. உங்களுக்கு அது தேவையில்லை, ஏனென்றால் உங்களுடையது 2017 போர்டு.

இனி சரிசெய்யும் முறை. விண்டோஸை மறுபடி நிறுவ வேண்டியதில்லை. தொடக்கப் பகுதியை எஸ்எஸ்டியிலேயே அமைத்தால் போதும். தெரிந்தவருக்கு அரை மணி நேர வேலை, சில நூறு ரூபாய் கூலி நியாயமானது. ஸ்டார்ட் தேடலில் 'சிஸ்டம் இன்ஃபர்மேஷன்' என்று தேடித் திறந்து, அதில் 'பயாஸ் மோட்' என்ற வரியில் 'லெகசி' (பழைய தொடக்க முறை) என்று இருக்கிறதா, 'யூஇஎஃப்ஐ' (புதிய முறை) என்று இருக்கிறதா என்று குறித்துக்கொள்ளுங்கள். மெக்கானிக்கிடம் அதைக் காட்டி, "சிஸ்டம் பார்ட்டிஷன் பழைய டிஸ்கில் இருக்கிறது, பிசிடிபூட் கட்டளையால் அதை எஸ்எஸ்டியில் உருவாக்கித் தாருங்கள்" என்று சொல்லுங்கள். லெகசி என்றால் எஸ்எஸ்டியின் சி பகுதியை 'ஆக்டிவ்' என்று குறித்து, அதிலேயே தொடக்கக் கோப்புகளை எழுதிவிடலாம். யூஇஎஃப்ஐ என்றால் சி பகுதியைச் சில நூறு எம்பி சுருக்கி, அந்த இடத்தில் புதிய தொடக்கப் பகுதியை அமைக்க வேண்டும். எஸ்எஸ்டியின் பார்ட்டிஷன் முறையும் (டிஸ்கைப் பகுதிகளாகப் பிரித்திருக்கும் முறை) இதற்குப் பொருந்த வேண்டும்: லெகசிக்கு எம்பிஆர், யூஇஎஃப்ஐக்கு ஜிபிடி. இந்த வாக்கியம் புரியாத மெக்கானிக் என்றால் வேறொருவரைத் தேடுங்கள்.

வேலை தொடங்கும் முன் பயாஸ் திரைகளைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். எதைத் தொட்டாலும் சாட்டா மோட் என்ற அமைப்பைத் தொட வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ஏஎச்சிஐ, ரெய்டு என்று அங்கே இருப்பவற்றை மாற்றிப் பார்ப்பது பலருக்குப் பழக்கம். அப்படி மாற்றினால் இருக்கிற விண்டோஸும் நீலத் திரையைக் காட்டி நின்றுவிடும்.

வேலை முடிந்தது என்பதற்குச் சோதனை ஒன்றுதான். பழைய டிஸ்கின் கேபிளைக் கழற்றி, உங்கள் கண் முன்னால் கணினியைத் தொடங்கிக் காட்டச் சொல்லுங்கள். அதன் பிறகே பணம். சில நாள் கழித்து அதே கறுப்புத் திரை மீண்டும் வந்து, கூடவே கணினியின் தேதியும் பின்னால் போயிருந்தால், போர்டிலுள்ள நாணயம் போன்ற பேட்டரி தீர்ந்திருக்கிறது என்று பொருள். சிஆர்2032 என்று கேட்டால் கைக்கடிகாரக் கடையிலேயே கிடைக்கும். அதை மாற்றிவிட்டு, படம் எடுத்து வைத்த பயாஸ் அமைப்புகளைத் திரும்ப வைத்துவிட்டால் போதும்.

எஸ்எஸ்டிக்குச் சீரியல் எண்ணோடு பில் வாங்கியிருக்கிறீர்களா என்று எழுதவில்லை. இல்லை என்றால் இப்போதே கேட்டு வாங்குங்கள். உத்தரவாதம் அந்த எண்ணுக்குத்தான். பில் இல்லாமல் நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைத்தால் புகார் எண் கிடைக்கலாம், அதற்கு மேல் எதிர்பார்க்காதீர்கள். 'கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ' என்ற இலவச மென்பொருளில் எஸ்எஸ்டி இதுவரை எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்று தெரியும். ஒரு மாதத்துக்கு முன் புதிதாக வாங்கியது ஆயிரக்கணக்கான மணி நேரம் ஓடியதாகக் காட்டினால், வேறொருவர் பயன்படுத்தியதை உங்களுக்கு விற்றிருக்கிறார்கள்.

கடைசியாக எக்ஸ்சேஞ்ச். சத்தம் போடும் டிஸ்கை ஒருவர் விலை கொடுத்து எடுப்பதாகச் சொன்னால் எதற்காக என்று கேளுங்கள். உங்களிடம் வந்துபோனவர்களின் ஆதார் நகலும் சாதிச் சான்றிதழும் பாஸ்புக் பக்கமும் அதில் இருக்கின்றன. நீங்கள் டெலீட் செய்தவற்றையும் மீட்டெடுக்க முடியும், பழுதான டிஸ்கை முழுமையாக அழித்துத் தருவதும் நிச்சயமில்லை. எஸ்எஸ்டி தனியாக ஒரு மாதம் சரியாக ஓடிய பிறகு, பழைய டிஸ்கைத் தச்சரிடமோ வெல்டிங் பட்டறையிலோ கொடுத்து, உள்ளிருக்கும் தட்டுகளையும் சேர்த்து மூன்று, நான்கு இடங்களில் துளையிட்டு வாங்கிக்கொண்டு, பிறகு காயலான் கடையில் போடுங்கள்.