தொட்டிக்கரியும் கிளர்வூட்டிய கரியும்

கேள்வி: எங்களுக்குத் தேங்காய்க் களம் இருக்கிறது. கொப்பரை எடுத்தபின் மிஞ்சும் தொட்டிகளை (சிரட்டைகளை) இரும்பு டிரம்மில் எரித்துக் கரியாக்கி, அதைப் பொடித்துத் தண்ணீர் வடிகட்டியில் நிரப்பினேன். கறுத்த தண்ணீர்தான் வந்தது. போர்த் தண்ணீரின் உப்பும் குறையவில்லை. கடையில் விற்கும் கார்பனும் தொட்டியில்தானே செய்யப்படுகிறது? – வாசகர், காங்கேயம்.

பதில்: தொட்டியில்தான் செய்கிறார்கள், ஆனால் நீங்கள் முடித்திருப்பது பாதி வேலை. காற்றுப் போதாமல் தொட்டி வேகும்போது ஈரமும் புகையும் வெளியேறிக் கரி எஞ்சுகிறது. அதன் நுண்துளைகள் பெரும்பாலும் திறவாமலும், தாரால் அடைபட்டும் கிடக்கும். ஆலைகளில் இந்தக் கரியைச் சுழல் உலைகளில் ஏறத்தாழ 900 டிகிரி செல்சியஸுக்குச் சூடேற்றி நீராவியைச் செலுத்துகிறார்கள். நீராவி கரியில் ஒரு பகுதியை அரித்து, கார்பன் மோனாக்சைடாகவும் ஹைட்ரஜனாகவும் மாற்றி வெளியேற்ற, அரிக்கப்பட்ட இடமெல்லாம் துளைகளாகின்றன. அப்படிக் கிளர்வூட்டிய கரியில் (கடையில் விற்கும் ‘ஆக்டிவேட்டட் கார்பன்’ இதுதான்) ஒரு கிராமுக்குள் 1,000 சதுர மீட்டர் அளவுக்கு, அதாவது ஏறக்குறைய 25 சென்ட் நிலத்துக்குச் சமமான பரப்பு அடங்கியிருக்கும். வாடையும் நிறமும் குளோரினும் சிக்குவது அந்தப் பரப்பில்தான்.

இந்த இரண்டாம் கட்டத்தை வீட்டில் முயல வேண்டாம். வெளிவரும் வாயுக்களில் ஒன்று நஞ்சு, இரண்டுமே தீப்பற்றக் கூடியவை. மேலும், சுமார் பத்து டன் தொட்டிக்கு ஒரு டன் கார்பன்தான் தேறும் என்பதால் சிறு அளவில் கட்டுப்படியும் ஆகாது. கரியாகவே விற்பதானால் தரம் பாருங்கள்: நன்கு வெந்த கரியைத் தரையில் போட்டால் கணீரென்று ஒலிக்கும், உடைத்த முகம் பளபளக்கும், உள்ளே பழுப்பு தெரிந்தால் வேகவில்லை என்று பொருள். சூட்டைத் தணிக்கத் தண்ணீர் ஊற்றாமல், டிரம்மைக் காற்றுப் புகாதபடி மூடி, முழுதும் ஆறும்வரை விட்டுவிடுங்கள். கரியை அவித்த கழிவுநீர் மண்ணில் இறங்கினால் கெடுவது உங்கள் கிணறாகவே இருக்கலாம்.

உப்பைப் பொறுத்தவரை, கடைக் கார்பனும் அதைக் குறைக்காது. கரைந்த உப்பு, கடினத்தன்மை, ஃப்ளோரைடு ஆகியவற்றுக்கு ஆர்.ஓ. போன்ற வேறு முறைகளே வேண்டும்.

கேள்வி: நெல் உமி, மரத்தூள் ஆகியவற்றிலும் இதைச் செய்யலாமா? – வாசகர், தஞ்சாவூர்.

பதில்: செய்யலாம். மரத்தூளைப் பாஸ்பாரிக் அமிலத்தில் ஊறவைத்து, 400 முதல் 600 டிகிரிக்குள் சூடேற்றி, அமிலம் போகக் கழுவும் முறை நெடுங்காலமாக வழக்கில் உள்ளது. அதில் உண்டாகும் சற்றே பெரிய துளைகள் சர்க்கரைப் பாகின் நிறம் நீக்க ஏற்றவை. உமியில் சாம்பல் மிகுதி, அதிலும் பெரும்பகுதி சிலிக்கா என்பதால் அதை நீக்கும் செலவு கூடுகிறது. அடர்த்தியும் உறுதியும் மிக்க, சாம்பல் குறைந்த தேங்காய்த் தொட்டியை ஆலைகள் விரும்புவது இதனால்தான்.

கேள்வி: பழைய வடிகட்டிக் கார்பனை வெயிலில் காயவைத்துத் திரும்பப் பயன்படுத்தலாமா? – வாசகி, மதுரை.

பதில்: வெயிலில் ஈரம் மட்டுமே போகும். துளைகளில் ஒட்டியதை அகற்ற மறுபடியும் உலையின் சூடு தேவை. பழைய கார்பனில் கிருமிகளும் பெருகும், மாற்றிவிடுங்கள்.